பதிலளிப்பாளர் ஏழு

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேட்டுக்காக யாருடைய பெயரையாவது மறைத்து எண் கொடுத்தால், வாய்மொழித் தேர்வு முடியும்வரை ஊரிலும் வீட்டிலும் அவருக்கு அந்த எண்தான். பழைய பெயர் யாருக்கும் நினைவிருக்காது, அவருக்கே இருக்காது. எல்லாருக்கும் தெரிந்த விதிதான்.

ஜெனிட்டா ஒரு சினிமா நடிகருக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்த ரசிகர் மன்றங்களை ஆறு வருஷம் ஆராய்ந்தாள். பேட்டி கொடுத்த எல்லாரும் சொந்தப் பெயரையே போடச் சொன்னார்கள். ரசிகன் பெயரை ஒளிப்பானா? ஒரு பஸ் கண்டக்டர் மட்டும் மறைக்கச் சொன்னார். பாவம், ஒவ்வொரு முதல் காட்சிக்கும் காய்ச்சல் என்று லீவு போடுகிறவர். ஏழாவதாகப் பேசியதால் அவர் பதிலளிப்பாளர் ஏழு ஆனார். ரேஷன் கார்டிலும் அப்படியே. "ஏழு, சோறு ஆறுது, வாங்க" என்பாள் அவர் மனைவி.

இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வாய்மொழித் தேர்வு வியாழன்.

"பிரஸ்காரன் எம் பிள்ளைக்கு இனிஷியல் 7ன்னு போட்டிருக்கான் மேடம். நல்லாவா இருக்கு?" என்றார்.

ஆய்வு முடிந்ததும் அசல் பெயர் எழுதிய தாளை அழித்துவிட வேண்டும் என்பது நெறிமுறைக் குழுவின் உத்தரவு. மற்ற ஆய்வாளர்கள் அழித்துவிட்டதாக எழுதிக்கொடுத்துவிட்டு பீரோவில் வைத்திருப்பார்கள். புண்ணியவதி ஜெனிட்டாவோ நிஜமாகவே கிழித்துப் போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை மன்றத்துக்காரர்கள் அரங்கை நிறைத்தார்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் விசில் பறந்தது. விசில் அடங்கும்வரை தேர்வாளர் பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார். கடைசியில், "திருப்தி. இனி அசல் பெயரை வாசிக்கலாம்" என்றார். கூட்டம் கலைவதற்குள் வாசிக்காவிட்டால் ஆயுசுக்கும் எண்தான்.

"கிழிச்சுட்டேன் சார்" என்றாள் ஜெனிட்டா.

ஏழின் மனைவி எழுந்தாள். "எங்க ஆட்டுக்கொட்டகை மேல பழைய பேனர் ஒண்ணு கெடக்கு. அதுல இவுக படமும் பேரும் உண்டு."

பேனர்கள் பல்கலைக்கழகத்தின் அதிகாரத்துக்குள் வராதவை என்று பதிவாளர் உறுதி செய்தார். இரண்டு பேர் பைக்கில் பறந்தார்கள். தேர்வாளர் எல்லாருக்கும் டீ சொன்னார்.

பேனரை மேஜைமேல் விரித்தார்கள். நடிகரின் ஷூவுக்குக் கீழே தபால்தலை அளவில் கண்டக்டரின் முகம். அதற்கும் கீழே ஆட்டுப்புழுக்கை. ஜெனிட்டா அதைத் துடைத்துவிட்டு உரக்க வாசித்தாள்.

"இசக்கியப்பன்."

"நான்தான்! ஏ, நான்தான்!" என்று அவர் அழுதே விட்டார். மகள் உடனே பிரஸ்ஸுக்குப் போன் போட்டாள். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள் ஜெனிட்டா. தனக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

வெளியே தாழ்வாரத்தில் பேனரில் இருந்த அந்த நடிகரே தனியாக நின்றிருந்தார். காலையிலிருந்தே நிற்கிறாராம்.

"எனக்கும் ஒரு எண் கிடைக்குமா, டாக்டர்?"

அடுத்த ஆய்வுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். ஜெனிட்டா மூன்றாம் எண்ணைக் கொடுத்தாள். அவர் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு கேண்டீனுக்குப் போய் வரிசையில் நின்றார்.

"மூணு, வடை தீர்ந்துபோச்சு" என்றார் கேண்டீன்காரர்.

"பரவால்லண்ணே, பஜ்ஜி குடுங்க" என்றார் அவர்.