சக்கரத்துக்கு வைத்த கல்

சர்வேயர் வீடு பார்க்கப் போனால் வீட்டைப் பார்க்கமாட்டார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்ப்பார். அறை எத்தனை, தண்ணீர் ஒழுங்காக வருமா, சமையலறையில் வெளிச்சம் போதுமா என்று அவருடைய மனைவி டீச்சர் உள்ளே விசாரித்துக்கொண்டிருக்க, இவர் நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தார் ரோட்டின் மேல் வைப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி ஓரமாக ஓடினால் முகம் மலர்ந்துவிடும். நடுவில் நின்றுவிட்டால் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சரிப்படாது" என்பார்.

எல்லாம் அந்த வண்டி செய்த வேலை.

நிலம் அளக்கிறவன் காடுமேடெல்லாம் போகவேண்டும், அதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் லாயக்கு என்று பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒற்றைக்காலில் நின்று வாங்கினார். அப்போதே அது மூன்று பேர் கைமாறிய பழசு. அளவு வேலைக்கு ஆபீஸ் வண்டி வாசலுக்கே வந்துவிடும் என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டார். காடுமேடு என்று அவர் அதில் போனது ஒரே ஒரு தடவை. மழைச் சேற்றில் புதைந்து கிடந்த பால் வேன் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வெளியே போட்டார். அந்தக் கதையை இரண்டு தடவைக்குக் குறைவாகக் கேட்டவர்கள் அந்த ஊரில் கைக்குழந்தைகள் மட்டும்தான். அன்றைக்கே நாலு சக்கர இழுவைக்கான குட்டி லீவர் இறுகிப்போய், அப்புறம் அசையவே இல்லை. அதற்குப் பிறகு வண்டியை இழுத்தது பின்சக்கரம் இரண்டு மட்டும்தான். ஆனாலும் யாராவது கேட்டால் நெஞ்சை நிமிர்த்தி, "ஃபோர் வீல்" என்பார்.

மற்ற கோளாறுகளைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். மழை பெய்தால் வைப்பர் நிற்கும், வெயில் அடித்தால் ஆடும். பின்கதவில் இரண்டு இடத்தில் மட்டும் பெயின்ட் நிற்கவே நிற்காது. மூன்று தடவை அடித்தும் உரிந்துபோனதால் மெக்கானிக்கோடு பெரிய சண்டையே வந்தது. "நான் என்ன சார் பண்றது, அந்த இடத்துல என்னவோ உரசிக்கிட்டே இருக்கு" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் தலைமைக் கோளாறு ஸ்டார்ட்டர். மெக்கானிக் அதை ஏழு தடவை மாற்றினார். "இதுக்கு உள்சாமான் இப்ப யாரும் செய்யிறதில்ல சார். வேற வண்டியோடதை வெட்டி ஒட்டித்தான் போடறேன். அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? பேசாம வண்டியை மாத்திடுங்க." அந்தப் பேச்சைக் கேட்டுச் சர்வேயர் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. இறக்கம் என்று ஒன்று உலகத்தில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் எதற்கு? வண்டியை இறக்கத்தில் நிறுத்து. உருட்டிவிடு. இரண்டாவது கியரில் கிளட்ச்சை விடு. உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். அவ்வளவுதானே.

அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து குடும்பம் சரிவில் ஓட ஆரம்பித்தது. வாடகைக்கு எடுத்த வீடு செங்குத்தான தெருவின் உச்சியில். மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை, மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பல் டாக்டர் நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்குகிற ஆள். ஆனால் கிளினிக் வாசல் அருமையான இறக்கம், வேறு டாக்டரைப் பற்றிச் சர்வேயர் பேசவே விடமாட்டார். மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். அங்கே அவள் குடியிருப்பது தரை சமமான இடத்தில். முதல் மாதமே போன் பண்ணி, "அம்மா, இங்க பந்து போட்டா போட்ட இடத்துலயே நிக்குதும்மா" என்றாள்.

ஹேண்ட் பிரேக்கும் எப்போதோ செத்துவிட்டதால் நிறுத்திய வண்டியைப் பிடித்து வைத்திருந்தது ஒரு கல். இரண்டு கையும் கொடுத்துத் தூக்கவேண்டிய கருங்கல். அதைச் சக்கரத்துக்கு வைப்பதும் எடுப்பதும் டீச்சர் வேலை. வண்டி நின்றதும் அவர் குதித்து இறங்கிக் கல்லை வைக்கவேண்டும். கிளம்பும்போது குனிந்து கல்லை உருவி, வண்டி இறக்கத்தில் உருள, கல்லோடு பின்னாலேயே ஓடி ஏறவேண்டும். வண்டி ஓடும் நேரமெல்லாம் கல் சாக்கில் சுற்றி டீச்சர் மடியில் இருக்கும்.

இறக்கம் இல்லாத இடத்தில்? தள்ளவேண்டியதுதான். யார் தள்ளுவது? "நீ தள்ளு, நான் ஓட்டறேன். இது என் கைக்கு மட்டுந்தான் அடங்கும்" என்பார் சர்வேயர். கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர் தன் அப்பாவின் சரக்கு வேனை இரண்டு வருடம் ஓட்டியவர், சர்வேயருக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவர் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் மறந்துபோன சமாச்சாரம். இன்ஜின் பிடித்ததும் ஜன்னல் வழியாகக் கட்டளை வரும். "நிறுத்த முடியாது, அணைஞ்சிடும். ஓடி வந்து ஏறு."

ஓடி வந்து ஏறித்தான் டீச்சருக்கு இடது முட்டி போயிற்று. மேட்டில் ஏறும்போது 'டக், டக்' என்று சத்தம் கேட்கும். வண்டியில் ஒரு வால்வு லேசாகத் தட்டினால் குளியலறைக்குள் இருந்தே கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, பக்கத்தில் நடந்து வருகிற முட்டியின் சத்தம் கேட்கவில்லை. டாக்டர்தான் இரண்டு மாதம் முன்னால் சொன்னார். மேடு கூடாது, படி கூடாது, வீட்டை மாற்றுங்கள்.

டீச்சரே வீடு தேடினார். அவருடைய பள்ளிக்கூடத்துக்கு எதிர்த் தெருவில், தரைத்தளத்தில், வாசலில் ஒரு படிகூட இல்லாத வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு டீச்சரைப் பிடித்துப்போயிற்று. உள்ளே அவர்கள் பேசிக்கொண்டிருக்க, வெளியே சர்வேயர் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். நாலிலும் அப்படியே.

"இந்தத் தெரு சரியில்ல" என்றார்.

"என்ன சரியில்ல?" என்று டீச்சர் கேட்டார்.

"ரொம்பச் சமமா இருக்கு."

"எனக்கு அதுதாங்க வேணும்."

"வண்டிக்கு?"

இன்னொரு குடும்பமும் கேட்கிறது, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார் வீட்டுக்கார அம்மா. "சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டரைப் பாத்துட்டுச் சொல்றோம்" என்று சர்வேயர் முந்திக்கொண்டார். அந்த டாக்டராவது மருந்து மாத்திரையோடு விட்டுவிடுவார் என்று அவருக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை. தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவர் நேராகப் போய் நிறுத்தியது அவசர சிகிச்சை வாசலின் சரிவுப் பாதையில். அவர் அளவில் அந்த ஆஸ்பத்திரியிலேயே உருப்படியான இடம் அதுதான். வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டே வந்தார்.

"சார், இது ஆம்புலன்ஸ் வர்ற வழி."

"இது ஃபோர் வீல் வண்டிங்க" என்றார் சர்வேயர், அதுவே பதில் என்பதுபோல.

"எத்தனை வீலா இருந்தாலும் அங்க போய் நிறுத்துங்க." வாட்ச்மேன் கைகாட்டிய இடம் சிமென்ட் பூசிய மைதானம். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கும், அவ்வளவு சமம்.

வேறு வழியில்லாமல் சர்வேயர் அங்கே நிறுத்தினார். ஆனால் இன்ஜினை அணைக்கவில்லை. அது ஓடுகிற ஆட்டத்தில் வண்டி நகர்ந்துவிடாமல் டீச்சர் இறங்கிக் கல்லை வைத்தார். ஓடுகிற வண்டியை அப்படியே விட்டுவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

டாக்டரம்மாவின் அறை ஜன்னல் மைதானத்தைப் பார்த்து இருந்தது. சர்வேயர் ஜன்னல் ஓர நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா முட்டியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கவேண்டியது தேய்ந்துபோய், எலும்பும் எலும்பும் உரசுகிறது. சர்வேயர் தலையை ஆட்டினார். அவர் காது மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. ஓடுகிறது, லேசாக இருமுகிறது, ஆனால் ஓடுகிறது.

"இந்த வயசுக்கு இவ்வளவு தேயக்கூடாது" என்றார் டாக்டரம்மா. "பாரம் தள்ளற வேலை ஏதாவது செய்யறீங்களா?"

"டீச்சர் வேலைதான் டாக்டர்" என்றார் டீச்சர்.

"வீட்டுல?"

டீச்சர் தன் கைகளைப் பார்த்தார். "வண்டி தள்ளுவேன்."

"ஒரு நாள் அவசரத்துக்கா?"

"பத்து வருஷமா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க தள்ளும்போது ஓட்டறது யாரு?"

டீச்சர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"அவரு முட்டி எப்படி இருக்கு?"

"அவருக்கு நல்லா இருக்கு டாக்டர்."

அந்த நேரம் பார்த்து வெளியே சத்தம் நின்றது. சர்வேயர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து, "ஐயோ, நின்னுடுச்சு" என்றார்.

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். டாக்டரம்மா டீச்சரை மட்டும் பார்த்துச் சொன்னார். "இன்னும் ஒரு வருஷம் இப்படித் தள்ளினீங்கன்னா அப்புறம் நடக்கறதுக்கே ஆள் வேணும். மருந்து எழுதலை. வீட்டை மாத்துங்க, வண்டியைத் தொடாதீங்க."

வெளியே வாட்ச்மேன் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். "ஆள் இல்லாம ஓடிக்கிட்டு இருந்துச்சு சார். மறந்துட்டீங்க போலன்னு நாந்தான் அணைச்சேன்." நல்லது செய்த மனிதரை எப்படித் திட்டுவது?

டீச்சர் வண்டிக்குப் பின்னால் போனார். டாக்டர் சொன்னதை எதிர்த்து ஒன்றும் போகவில்லை. பழக்கம், கால் தானாகப் போயிற்று. கை தானாகப் போய்ப் பின்கதவின் மேல் உட்கார்ந்தது. சர்வேயரும் பழக்கப்படி முன்கதவைத் திறக்கப் போனவர், திரும்பிப் பார்த்தார். பெயின்ட் உரிந்த இரண்டு இடமும் காணாமல் போயிருந்தன. இரண்டையும் டீச்சரின் உள்ளங்கைகள் மூடியிருந்தன, அளவெடுத்துத் தைத்த மாதிரி.

மெக்கானிக்கோடு போட்ட சண்டையெல்லாம் அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நிலத்தில் ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்ணை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார்.

"நீ போய் உக்காரு" என்றார்.

"எங்க?"

"ஓட்டற இடத்துல."

டீச்சர் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, போய் உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார். சர்வேயர் குனிந்து கல்லை எடுத்தார். இவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரியாது. அதைப் பின்பக்க மட்கார்டின் மேல் வைத்துவிட்டுப் பெயின்ட் உரிந்த இடத்தில் கையை ஊன்றினார். அவர் உயரத்துக்கு அது தாழ்வு, முதுகை வளைக்கவேண்டியிருந்தது. தள்ளினார். வண்டி மலை மாதிரி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினார். அசைந்தது. பத்தடி, இருபதடி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாட்ச்மேன் உதவிக்கு வரவா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார், ஆமாம் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. முப்பதாவது அடியில் டீச்சர் கிளட்ச்சை விட்டார். ஒரே உதறல், இன்ஜின் பிடித்துக்கொண்டது. கியர் மாறிய சத்தம்கூடக் கேட்கவில்லை. சர்வேயர் கையில் அது ஒரு நாளும் அப்படி மாறியதில்லை.

"நில்லு, நில்லு" என்று மூச்சு வாங்கினார்.

ஜன்னல் வழியாகப் பதில் வந்தது. "நிறுத்த முடியாது, அணைஞ்சிடும். ஓடி வந்து ஏறுங்க."

மட்கார்டிலிருந்து சரிந்த கல்லைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். டீச்சர் ஒரு துளிகூட வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. மைதானம் முடிவதற்குள் எப்படியோ சர்வேயர் ஏறி விழுந்தார். கல் அவர் மடியில் உட்கார்ந்தது. முட்டி இரண்டும் வெடவெடத்தன.

கடைத்தெரு முக்கில் மேட்டுக்குப் போகிற வழி வலது பக்கம். வண்டி இடது பக்கம் திரும்பியது. ஹாரன் தானாக அடித்தது.

"இந்தப் பக்கம் எங்க?" என்றார் சர்வேயர்.

டீச்சர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். மறுபடி ஒரு இடது, மறுபடி ஹாரன். அதைக் கேட்டு வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்தார். வாசலுக்கு நேராக, மதிலை ஒட்டி, அளந்து வைத்ததுபோல டீச்சர் வண்டியை நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இரண்டு தடவை இருமி அடங்கியது. சாவியை உருவிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"வீடு எங்களுக்குத்தாங்க" என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னார்.

"சந்தோஷம். வண்டி இங்கதான் நிக்குமா?"

"இனிமே இங்கதான் நிக்கும்."

தெருவின் இரண்டு கோடியையும் சர்வேயர் மாறி மாறிப் பார்த்தார். இறக்கம் என்ற பேச்சே இல்லை. இங்கிருந்து இதைக் கிளப்ப வேண்டுமானால் தள்ளுவதற்கு இனி அவர் ஒருவர்தான். நாலு சக்கர வண்டியோடு தான் நடத்திய வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். முட்டி வலிதான் வந்தது.

டீச்சர் இறங்கிப் போய்விட்டார். கல்லை மடியில் வைத்துக்கொண்டு சர்வேயர் கூப்பிட்டார். "இந்தக் கல்லை என்ன பண்றது? சக்கரத்துக்கு வைக்கட்டுமா?"

"கீழ போட்டுட்டு வாங்க" என்றார் டீச்சர், எதையும் பிடிக்காமல் வாசலைத் தாண்டிக்கொண்டே. "இங்க எதுவும் உருளாது."