அட்ராக்டாவின் அப்பா

"இந்தக் கோடு வரைக்கும் வந்தா போதும்மா. கொஞ்சம் துப்பும்மா."

டிம்னா பிளாஸ்டிக் குழாயை அம்மாவின் கீழுதட்டோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அட்ராக்டா முயன்றாள். கன்னங்கள் உள்ளே ஒட்டின, நாக்கு ஒருமுறை புரண்டது. குழாயின் விளிம்பில் ஒரு பொட்டு நுரை மட்டும் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மறுத்தது. தண்ணீரே இறங்காத வாயில் எச்சில் எங்கிருந்து வரும்?

"உயிர் போற நேரத்துல அம்மா வாயில குழாய வச்சுக்கிட்டு நிக்கிறியே, உனக்கே நல்லாயிருக்கா?" என்றான் தம்பி டெக்லன், கதவருகே நின்று.

"அம்மாவே சரின்னாங்கடா."

அது உண்மை. ஏழு வருஷமாக அட்ராக்டா மாட்டேன் என்றுதான் சொல்லிவந்தாள். "எங்கப்பனை நானே தேடல. நீ யாருடி தேடுறதுக்கு?" என்பாள். இன்று காலை குழாயை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல தெரிஞ்சிடுமா?" என்று கேட்டாள். தெரிந்துவிடும் என்றதும் வாயைத் திறந்தாள்.

அட்ராக்டாவின் பிறப்புப் பதிவில் தந்தை பெயருக்கு நேரே ஒரு கோடுதான் இருந்தது. அவளைப் பெற்ற நோராவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. கடைசிவரை யாரென்று சொல்லாமலே போய்ச்சேர்ந்தாள். டிம்னா தங்கள் ராஸ்காமன் வட்டாரத்தில் ஏறாத தேவாலயமில்லை, புரட்டாத பதிவேடில்லை. பிறகு தன் எச்சிலையே மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். வந்த சொந்தமெல்லாம் பாஸ்டனிலும் சிகாகோவிலும் இருந்தது, அதுவும் தூரத்துச் சொந்தம். வேர் தேடித் துப்புகிறவர்கள் கடல் தாண்டிப் போனவர்கள்தான். இங்கேயே கிடப்பவர்கள் எதற்குத் துப்பப்போகிறார்கள்? போதாததற்கு, சுற்றியிருக்கும் நாலு ஊரிலும் எல்லாரும் எல்லாருக்கும் மூன்று வழியில் உறவு. எந்த நூலை இழுத்தாலும் முடிச்சுதான் வந்தது. ஒரு தலைமுறை மேலே இருக்கிற அம்மாவின் எச்சில் கிடைத்தால் பாதி முடிச்சாவது அவிழும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"விட்டுடுங்க, டிம்னா. அவங்களால முடியல" என்று நர்ஸ் குழாயை வாங்கி வைத்துவிட்டு, நனைத்த பஞ்சால் அட்ராக்டாவின் உதட்டைத் துடைத்தாள்.

அன்று மதியமே அட்ராக்டா போய்விட்டாள்.

மறுநாள் வீடு நிறைந்தது. முன்னறையில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, பெட்டிக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டு, தேநீரைத் தேடிச் சமையலறைக்குப் போனார்கள். அங்கே அம்மாவின் பள்ளிக்கூடத் தோழி ஃபிலோமீனா பன்றியிறைச்சி வைத்த ரொட்டிகளை மூலைக்கு மூலை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதை அந்த ஜார்லத் கானிஃபுக்குக் கொண்டு போய்க் குடு. கதவுகிட்ட உக்காந்திருக்கான் பாரு. பாவம், வர்றதா வேண்டாமான்னு ரெண்டு தடவ வாசல் கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனான்."

"அவரு எதுக்கு யோசிக்கணும்?"

ஃபிலோமீனா கத்தியைக் கீழே வைத்தாள். முன்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அக்காவாச்சே. ஒரே அப்பன். உங்கம்மாவ ஹ்யூபர்ட் கானிஃபுக்குத்தான் நோரா பெத்தா."

தட்டை வாங்கிய டிம்னா அவள் பக்கம் திரும்பினாள். "உங்கள நான் கேட்டேனே. இதே மேஜைல உக்காந்து கேட்டேனே! தெரியாதுன்னீங்களே!"

"அவ உசுரோட இருந்தா. அவதானே சொல்லணும்."

"அப்போ அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஹ்யூபர்ட்ட அடக்கம் பண்ணினப்போ கல்லறைச் சுவருக்கு வெளிய நின்னு பார்த்தாளே. நான்தான் கூட நின்னேன். ஊருக்கே தெரியும்டி. அவ ஏதாவது கடைக்குள்ள வந்தா இந்த ஜார்லத் வெளிய போயிடுவான்."

"ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் சிகாகோவுல இருந்து சேதி வரணுமா?"

ஃபிலோமீனா அடுத்த ரொட்டியை எடுத்தாள்.

டிம்னா முன்னறைக்குப் போனாள். அம்மாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். வாய் நன்றாக மூடியிருந்தது. "ஒரு பேரும்மா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நேத்துக் காலைல நாக்கு இருந்துச்சே. ஒரே ஒரு பேரு." பக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண், அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். டிம்னா அந்தக் கையை உதறிவிட்டாள்.

ஜார்லத்திடம் தட்டை நீட்டியபோது அவர் எழுந்து நின்றார். எழுபதைத் தாண்டிய, நெட்டையான மனிதர். "உங்க துக்கத்துல நானும் இருக்கேன்," என்றார், எல்லாரையும் போல. அவள் காத்திருந்தாள். அவர் ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் நின்றார்.

மறுநாள் காலை தூறல் போட்டது. தேவாலயம் மேட்டின் மேல்தான். தோளில் கொண்டுபோவது என்று முடிவாகியிருந்தது. முன்னால் ஒரு பக்கம் டிம்னா நிற்பாள் என்பதில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்கு இணையாக நின்ற டெக்லனுக்கு அவள் காதளவு உயரம்தான். பெட்டி சரிந்தது.

"இது ஆகாதுப்பா, நீங்க பின்னால போங்க" என்ற அடக்க ஏற்பாட்டுக்காரர் கூட்டத்தை அளப்பது போலப் பார்த்தார். "ஜார்லத், வாங்க இங்க. உங்க உயரம் சரியா இருக்கும்."

சுவரோரம் நின்ற ஃபிலோமீனா குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். ஜார்லத் தொப்பியைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தார்.

பெட்டி தோளில் ஏறியது. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டால்தான் பிடி நிற்கும். அவர் கை தயங்கி வந்து அவள் தோளைப் பற்றியது. அவள் அவருடைய ஈரக் கம்பளிக் கோட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். கேட்பதற்கு அவளிடம் ஏழு வருஷக் கேள்விகள் இருந்தன. நடுவில் அம்மா இருந்தாள்.

"இடது கால் முதல்ல," என்றார் அவர்.

நடந்தார்கள். மேடு தொடங்கியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. டிம்னா நடையைக் குறைத்தாள். பின்னால் வந்தவர்களும் குறைத்துக்கொண்டார்கள்.