விரல் கணக்கு

முடிச்சூருக்குக் கிளம்புகிற அவசரத்தில் பேபி தன் புருஷன் அசரியாவிடம் மூன்று பொறுப்புகளை ஒப்படைத்தாள். இரண்டரை வயது மகள் கிறிஸ்டினா, மாத்திரை டப்பா, ஒரு நீல நோட்டு. மூன்றில் எதைத் தொலைத்தாலும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பரீட்சை வைத்தாள்.

"காலைல எய்ந்ததும் மொத வேல இன்னா?"

"புள்ள வயித்த தொட்டுப் பாத்து நோட்டுல எழுதறது."

"எத்தினி விரலு?"

"ரெண்டு."

"மூணு ஆச்சுன்னா?"

"யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடறது."

"தங்கச்சிக்குப் புள்ள பொறந்ததும் வந்துடுவேன். அதுவரைக்கும் உன்ன நம்பி வுட்டுட்டுப் போறேன்" என்றாள். நம்புகிறவள் முகம் மாதிரி அது இல்லை. ஷேர் ஆட்டோ திரும்புகிற வரைக்கும் குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு போனாள்.

கிறிஸ்டினாவுக்கு சிக்கிள் செல் நோய். உருண்டையாக ஓட வேண்டிய ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து அங்கங்கே சிக்கிக்கொள்ளும். அசரியாவும் பேபியும் கூடலூர் மலைப் பக்கத்துக்காரர்கள், பிழைக்க வந்து பம்மலில் எட்டு வருஷம் ஆகிறது. இரண்டு பேர் ரத்தத்திலும் ஆளுக்குப் பாதியாக இது ஒளிந்திருந்ததாம், பிள்ளைக்கு முழுசாக வந்துவிட்டதாம். காணி நிலம் எழுதி வைக்க வக்கில்லாதவர்கள் இதை மட்டும் குறைவில்லாமல் எழுதி வைத்திருந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ராஜகீழ்ப்பாக்கத்து டிரஸ்ட் ஆஸ்பத்திரி டாக்டர் அபிதகுஜாம்பாள். பெயர்தான் பழைய காலம், பேச்சில் ஒரு வார்த்தை வீண் இருக்காது. இந்த நோய் உள்ள சின்னக் குழந்தைகளுக்குச் சில சமயம் மண்ணீரல் திடீரென்று வீங்கி, உடம்பு ரத்தத்தை எல்லாம் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் பிள்ளை வெளுத்துச் செத்துப்போகும். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். பெற்றவர்களே தினமும் வீட்டில் தொட்டுப் பார்த்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நாற்பது குடும்பங்களுக்கு நீல நோட்டு கொடுத்திருந்தார். இடது விலாவுக்குக் கீழே விரல்களைக் குறுக்காக வைத்து, மண்ணீரலின் ஓரம் எத்தனை விரல் தள்ளித் தட்டுப்படுகிறது என்று எழுத வேண்டும். பேபி ஏழு மாதமாக ஒரு நாள் தவறாமல் எழுதினாள். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு, இரண்டு, இரண்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் அசரியா முதல்முறையாகத் தொட்டான். ஓரம் தட்டுப்பட்டது, ஆனால் ஒன்றரை விரல்கூட இல்லை. அவனுக்குத் தன் கைமேல்தான் சந்தேகம் வந்தது. ஏழு மாதம் தொட்டவள் இரண்டு என்கிறாள், நேற்று முளைத்தவன் நான் ஒன்றரை என்றால் யார் நம்புவார்கள்? 'இரண்டு' என்று எழுதினான்.

புதன்கிழமை தொட்டபோது இரண்டு விரலும் கச்சிதமாக அடங்கியது. அப்பாடா என்றிருந்தது. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு ரூக்சாரின் செல்போனுக்குப் பேபி கூப்பிட்டபோது பெருமையாகவே சொன்னான்.

"டாண்ணு ரெண்டு. ஒன் கைக்கு என் கை கொறச்சல் இல்ல."

"வெளையாடுதா?"

"உன்னத் தேடுது. கொஞ்சம் சோர்வாக் கீது."

வேலைக்குப் போகும்போது குழந்தையை ரூக்சாரிடம்தான் விடுவது வழக்கம். அவள் பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, புள்ள இப்பிடி வெளுத்துக் கெடக்குது?"

"வயித்த பாத்துட்டேன்கா. நோட்டுல எழுதிட்டேன். ரெண்டுதான்."

எழுதிவிட்டேன் என்று சொன்னதும் அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை. ஆனால் அவள் கேட்ட கேள்வி தெருமுனை வரைக்கும் அசரியாவின் பின்னாலேயே வந்தது.

அசரியாவுக்கு வேலை தோல் கிளவுஸ் வெட்டுவது. பம்மலில் ஒரு ஷெட்டில் பதினோரு பேர், மேஸ்திரி பொன்னுசாமி. அன்றைக்குப் பெண்களுக்கான சின்ன அளவு. பொன்னுசாமி கை வடிவ அளவு அட்டையைக் கொண்டுவந்து போட, அசரியா தோலை விரித்து அட்டையை அதன்மேல் வைத்து, நகராமல் இருக்க உள்ளங்கையால் அழுத்தினான். ஆயிரம் தடவை செய்த வேலை. கத்தரியை எடுக்கப் போனவன் அப்படியே நின்றான்.

அட்டையின் மூன்று விரல்களை அவனுடைய இரண்டு விரல்கள் மூடியிருந்தன.

கையை எடுத்துத் திரும்ப வைத்துப் பார்த்தான். மூன்றுக்கு இரண்டு. பேபியின் கையும் இந்த அளவுதான், அவளுக்கென்று மிச்சத் தோலில் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்திருக்கிறான். அப்படியானால் நேற்றைய ஒன்றரைதான் அவளுடைய இரண்டு. இன்றைய இரண்டு, அவளுடைய மூன்று. மனுஷனுக்கு மனுஷன் கை மாறும் என்பதை வைத்தே சோறு தின்கிறவன், பெற்ற பிள்ளையின் வயிற்றில் கை வைக்கும்போது அதை மறந்துவிட்டான்.

"அண்ணா, என் புள்ள..." என்றான். கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினான்.

ரூக்சார் வாசலிலேயே நின்றிருந்தாள். "எய்ப்பினா எய்ந்துக்க மாட்டேங்குது தம்பி, நானே ஆளு அனுப்பலாம்னு இருந்தேன்" என்றாள். பாயில் கிடந்த குழந்தையின் உதடு அரிசி மாவு நிறத்தில் இருந்தது. சட்டையைத் தூக்கி விலாவுக்குக் கீழே கை வைத்தான். இப்போது அவன் விரலுக்கே மூன்று.

பொன்னுசாமி பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்திருந்தார். "ஏறு" என்றார். நோட்டு இருந்த துணிப்பையை ரூக்சார் அசரியாவின் தோளில் மாட்டிவிட்டாள். பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டித் தாம்பரம் வரைக்கும் அசரியா குழந்தையின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துக்கொண்டே வந்தான். மூச்சு பட்டது. காற்று பலமாக அடித்தபோது அது மூச்சா காற்றா என்று தெரியவில்லை. கர்த்தரே, என் கையை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று வேண்டினான். வேறு என்ன பேரம் பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

தாம்பரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் இரண்டு லாரி, ஒரு பஸ், கணக்கில்லாத பைக்குகள். ஒரு மின்சார ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை, இன்னொன்று வர வேண்டுமாம். அசரியா ஸ்கூட்டரிலிருந்து குதித்து, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு அடியில் குனிந்தான்.

"டேய், வண்டி வருதுடா!" என்று பொன்னுசாமி கத்தியது காதில் விழுந்தது. விழுந்து என்ன, கால் நிற்கவில்லை. அந்தப் பக்கம் ஏறியதும் முதலில் கண்ணில் பட்ட ஆட்டோவின் முன்னால் போய் நின்றுகொண்டான்.

டாக்டர் குழந்தையைப் பார்த்த பார்வையிலேயே நர்ஸ்கள் ஓடத் தொடங்கினார்கள். ஊசி, பாட்டில், ரத்தம். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தபோது கையில் நீல நோட்டு இருந்தது. குழந்தையின் துணிப்பையிலிருந்து எடுத்திருந்தார்.

"காலைல ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. பொய்யா?"

"இல்ல மேடம்." அசரியா தன் கையை விரித்துக் காட்டினான். தோல் சாயம் ஏறி, காய்த்துப் போன, முறம் மாதிரியான கை. "என் விரலு, மேடம். நோட்டு பூரா அவ விரலு."

டாக்டர் தன் விரல்களை அந்தக் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"விரல்னு நோட்டுல அச்சடிச்சது நான்தான்" என்றார். "யாரோட விரல்னு அச்சடிக்கலையே. மத்த முப்பத்தொன்பது வீட்லயும் யார் தொடறாங்கன்னு எனக்குத் தெரியாது." பிறகு மெல்ல, "இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா கஷ்டம். நீங்களே கண்டுபிடிச்சுக் கொண்டுவந்தீங்க" என்றார். அது பாராட்டாக அவன் காதில் ஏறவில்லை. அந்த இரண்டு மணி நேரம்தான் ஏறியது. டாக்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

ரூக்சார் போன் போட்டுச் சொல்லி, சாயங்காலம் பேபி வந்தாள். தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது, அதைச் சொல்லக்கூட வாய் திறக்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மண்ணீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது. கிறிஸ்டினா பிஸ்கட் கேட்டாள். பேபி அவனிடம் சொல்லாமல் தானே போய் வாங்கிவந்தாள்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து, "இனிமே விரல் வேண்டாம். பட்டை மாதிரி ஒண்ணு வேணும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓரம் நிக்கிற இடத்துல அதுல கோடு போட்டுக் குடுத்துட்டா யார் வெச்சுப் பார்த்தாலும் ஒண்ணுதான்" என்றார்.

"நான் வெட்டித் தரேன் மேடம்" என்றான் அசரியா. "கிளவுஸ் தோலு வேணாம், அது இய்க்கும். செருப்புக்கு அடியில போடற தோலு. எத்தினி வருசமானாலும் அளவு மாறாது."

மறுநாள் காலையில் நாற்பது பட்டைகளோடு வந்தான். முதல் பட்டையை எடுத்து, ஒரு முனையை மகளின் கடைசி விலாவில் பொருத்தினான். பேனாவை எடுத்தான். மண்ணீரலின் ஓரத்தைத் தேடி விரலை வைக்க வேண்டும். கொண்டுபோன விரலைத் திரும்ப இழுத்துக்கொண்டான். வைக்க முடியவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேபியின் கை வந்தது. அவன் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டுத் தன் விரல்களைக் குழந்தையின் வயிற்றில் வைத்தாள்.

"நான் தொடறேன்" என்றாள். "நீ கோடு போடு."

மூன்று நாளைக்குப் பிறகு கேட்ட குரல். அசரியாவுக்குக் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு அவள் விரல் நின்ற இடத்தில் கோடு போட்டான். தோல் பட்டது கூசி கிறிஸ்டினா நெளிந்து சிரித்தாள். பேபி கையை எடுத்தாள்.

அவன் பேனாவை மூடவில்லை.

"இன்னொரு தபா தொடு" என்றான்.

அவள் தொட்டாள்.