தாமிரபரணித் தடியங்காய்

பெரியநாயகம் அண்ணாச்சியின் நாக்கைப் பற்றி மும்பை மாட்டுங்காவில் அவரைத் தவிர வேறு யாரும் பேசியதில்லை. அவர் ஒருவர் பேசுவதே போதுமானதாக இருந்தது. பருப்பைத் தொட்டு வாயில் வைத்தால் எந்த ஊர்த் தண்ணீரில் வெந்தது என்று சொல்லிவிடுவாராம். மொத்த மளிகை வியாபாரம், ஊர்ச் சங்கத்துத் தலைவர் பதவி. இதற்கு மேல் ஒரு நாக்குக்கு என்ன தகுதி வேண்டும்?

சங்கத்தின் சித்திரை விழாவில் இருநூறு பேருக்குச் சாப்பாடு. தாராவியில் பத்துப் பேருக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருந்த கோகிலவாணிக்கு அது கிடைத்தால், அடுத்து கல்யாண வீடுகள். கிடைக்காவிட்டால் பழையபடி டப்பா.

"சேம்பிள் கொண்டா. சரக்கு மட்டும் முதல் தரமா இருக்கணும்" என்றார் தலைவர்.

அவள் கொண்டுவந்தது தர்பூசணித் தோல் கூட்டு. அண்ணாச்சி கடை வாசலில் ஜூஸ் வண்டி போட்டிருக்கும் கரீம் பாட்சா சிவப்பை எடுத்துக்கொண்டு வீசுகிற தோல். குப்பை சேர்கிறதென்று அண்ணாச்சி முனிசிபாலிட்டிக்கு மூன்று முறை எழுதிய அதே தோல். பழத்தைக் கழுவி வெட்டச் சொல்லி, தோல் தரையைத் தொடும் முன் சட்டியில் வாங்கிக்கொள்வாள். பச்சையைச் சீவிவிட்டு, வெள்ளையில் ஒரு நூல் அளவு சிவப்பை விட்டுவைப்பாள். அந்த நூல்தான் வித்தை. கூடினால் பாயசம், குறைந்தால் வெறும் தண்ணீர்.

அண்ணாச்சி மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"வே சொரிமுத்து, இது இந்த ஊர்த் தடியங்கா இல்ல" என்றார் சங்கச் செயலாளரிடம். வெண்பூசணியைத்தான் திருநெல்வேலிப் பக்கம் அப்படிச் சொல்வது. "தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளந்தது. மண்ணு வாசம் இருக்கு பாரும்."

சொரிமுத்து மண் வாசத்தைத் தேடி ஒரு வாய் சாப்பிட்டார். கிடைக்காததால் இன்னொரு வாய்.

"விழா நோட்டீஸ்லயே போட்டுரலாம். எங்க வாங்குனம்மா?" என்று அவளைக் கேட்டார் அண்ணாச்சி.

தாதர் மார்க்கெட் என்று சொல்லியிருந்தால் விழாவும் அவளுக்கு, மானமும் அண்ணாச்சிக்கு.

"தடியங்கா இல்ல அண்ணாச்சி, தர்பூஸ் தோலு. ஒங்க கட வாசல்ல, கரீம் பாய் வண்டில வாங்குனது."

அண்ணாச்சியின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"எனக்குக் குப்பையவா போட்ட?"

"குப்பைல விழுந்தாத்தான குப்ப? இது என் சட்டில விழுந்துச்சு. இருநூறு பேருக்குப் பொய் சொல்லி வெளம்ப எனக்கு வராது. வேண்டாம்னா தடியங்காயே வைக்கேன். இந்த ருசி இருக்காது."

"மண்ணு வாசம்னீங்களே அண்ணாச்சி," என்றார் சொரிமுத்து, "நம்ம கட வாசல் மண்ணா இருக்குமோ?"

முகத்துக்கு நேரே யாரும் மறுத்துப் பேசிக் கேட்டு அண்ணாச்சிக்குப் பழக்கமில்லை. கை பழகின வழியில் வாய்க்குப் போயிற்று. மென்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த நாக்கு சொந்தக்காரரைக் கேட்காமல் உண்மை பேசியிருக்க வேண்டும்.

"இன்னொரு கரண்டி வை. விழாவுக்கும் இதுதான். நோட்டீஸ்ல மட்டும்..."

"தோலுன்னே போடுங்க அண்ணாச்சி."

போட்டார்கள். விழாவன்று விடியற்காலையில், ஒரு தோல்கூடக் கீழே விழக்கூடாதென்று கரீம் பாட்சாவை மிரட்டிக்கொண்டு நின்றவர் முனிசிபாலிட்டிக்கு எழுதியவரேதான். அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கோகிலவாணி அண்டாவை நீட்டினாள்.