டைசன் கட்சியும் அலி கட்சியும்

நல்லதம்பியின் முழங்கைக்குக் கீழே இரண்டு சிறு புள்ளிகள் இருந்தன. நுளம்பு கடித்த அளவுதான். வீக்கம் இல்லை. நோவும் இல்லை என்றான்.

காவல் கொட்டிலில் பாயைச் சுருட்டும்போது அதன் அடியிலிருந்து நழுவிப்போன பாம்பை முத்துலிங்கம் முழுதாகப் பார்த்திருந்தான். கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். கட்டுவிரியன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அது வைக்கோலுக்குள் மறைந்துவிட்டது.

"விடியப்புறம் வெள்ளாப்பில கையில ஏதோ குத்தினது. எலி எண்டு உதறிப்போட்டுப் படுத்திட்டன்," என்றான் நல்லதம்பி.

"வெளிக்கிடு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"இண்டைக்கு அருவி வெட்டு. நெல்லு வெட்ட ஆக்கள் வரப்போகினம். புடையன் பாம்பு கடிச்சிருந்தா இதுக்குள்ள கை பூசணிக்காய் மாதிரி வந்திருக்கும். நோகாத அடி ஒரு அடியே, மச்சான்?"

அது 1998 மாசி. பூநகரிப் பக்கத்து வயல்களில் நெல் முற்றிக் கிடந்தது. பக்கத்துப் பக்கத்து வயற்காரரான இருவரும் பன்றிக் காவலுக்கு ஒரே கொட்டிலில் படுத்துவந்தார்கள். போன வருடம் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலியில், குத்துச்சண்டை மேடையில் டைசன் எதிராளியின் காதைக் கடித்த செய்தி வந்தது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. டைசனும் முகமது அலியும் தங்கள் நல்ல வயதில் ஒரே மேடையில் ஏறியிருந்தால் யார் வெல்வது? நல்லதம்பி டைசன் கட்சி. வாதத்தின் முடிவில் எப்போதும் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவான். முதலாம் சுற்றிலேயே அலி விழுவான் என்று அர்த்தம். முத்துலிங்கம் அலி கட்சி. அடிக்கத் தெரிந்தவனை விட அடிபடாமல் நிற்கத் தெரிந்தவனே பெரியவன் என்பான். எட்டு மாதத்தில் ஒருவர்கூட மற்றவருக்கு ஒரு சொல் விட்டுக்கொடுத்ததில்லை.

"நோகாமல் அடிச்சு விழுத்திறவனும் இருக்கிறான்," என்றான் முத்துலிங்கம். "உன்ர இடக்கண்ணைத் திற பாப்பம்."

"திறந்துதானே கிடக்கு."

திறந்து கிடக்கவில்லை. இமை பாதிக் கண்ணில் தொங்கியது. நல்லதம்பி விரலால் அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சைக்கிளின் பின் கரியரில் ஏறி உட்கார்ந்தான்.

முத்துலிங்கம் ஒரு பழைய சாரத்தால் அவனைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினான். ஆஸ்பத்திரி பன்னிரண்டு மைல். பஸ் வந்தால் மத்தியானம் வரும், வராமலும் விடும். பாம்பு கடித்தவனை நித்திரைகொள்ள விடக்கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிலர் கன்னத்தில் அறைவார்கள், சிலர் தேவாரம் பாடச் சொல்வார்கள். முத்துலிங்கத்திடம் வேறு வழி இருந்தது.

"காது கடிச்சவன்ர கட்சியில நிண்டாய். இப்ப நீயே கடி வாங்கிப்போட்டாய்."

"பகிடி விடாதை. உன்ர அலி… ஓடித் திரியிறவன். மேடையில ஓடுறதுக்கு இடம் எங்க கிடக்கு?"

"ஓடேல்லையே. போர்மனோட கயித்தில சாய்ஞ்சு நிண்டு எட்டாம் சுற்று மட்டும் அடி வாங்கினவன். அடிச்சவன்தான் களைச்சு விழுந்தவன்."

"போர்மன்… மாடு. டைசன்… புலி."

கிரவல் றோட்டில் குழிகளை விலத்தி மிதித்துக்கொண்டே அவன் அந்தக் குரலைக் கேட்டான். சொல்வது என்ன என்பதை விட எப்படிச் சொல்கிறான் என்பதுதான் இப்போது முக்கியம். நாலாம் மைலில் 'டைசன்' என்ற பெயர் குழையத் தொடங்கியது. ஆறாம் மைலில் சொற்களுக்கிடையே இடைவெளி நீண்டது. முத்துலிங்கத்தின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வியர்வையா, நல்லதம்பி விழுங்க முடியாமல் விட்ட எச்சிலா என்று தெரியவில்லை.

"டைசன் ஒரு கோழை!" என்று கத்தினான். எதிரே விறகு ஏற்றி வந்த கிழவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். "கேக்குதே? அலிக்கு முன்னால டைசன் ரெண்டு சுற்றும் நிக்கமாட்டான்!"

பின்னால் சத்தம் இல்லை.

"டேய் நல்லதம்பி!"

ஒரு விரல் அவன் முதுகில் குத்தியது. ஒரேயொரு தரம்.

"பொய்!" என்று முத்துலிங்கம் திருப்பிக் கத்தினான். அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு மிதித்தான்.

ஒன்பதாம் மைலில் தலை முதுகில் பாரமாக விழுந்தது. அதன் பிறகு விரலும் இல்லை. சாரத்தின் முடிச்சு அவன் வயிற்றை அறுத்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த விசமுறிவு மருந்தை ஏற்றினார்கள். நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுபோய்க்கொண்டிருந்தது. டொக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டு அதன் முனையில் ஒரு றப்பர் பையைப் பொருத்தினார். மூச்சு விடவைக்கும் மெசின் அங்கே இல்லை. கூட வந்தவர்தான் பையை அமுக்க வேண்டும்; அமுக்கினால் மூச்சு, விட்டால் இல்லை.

"எவ்வளவு நேரம்?" என்றான் முத்துலிங்கம்.

"விசம் விடுமட்டும்," என்றார் டொக்டர். "நாளைக்கும் ஆகலாம்."

நல்லதம்பியின் மனைவி சிவலட்சுமிக்கு ஆள் அனுப்பியாயிற்று. பொழுதுபட அவளும் அண்ணன்மாரும் வந்தால் மாறி மாறி அமுக்கலாம். அதுவரை இவன் ஒருவன்தான்.

தாதியான மிஸி இராசமலர் நல்லதம்பியின் இமையைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தார். "கண் திறக்கேலாது, வாய் திறக்கேலாது. ஆனா இந்தப் பாம்பு கடிச்சாலும் ஆளுக்குக் காது கேக்கும். அறிவு இருக்கும். கதையுங்கோ."

முத்துலிங்கம் கதைத்தான். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு வார்த்தை. டைசனுக்கு மூச்சு நாலு சுற்றுக்கு மேல் போகாது. அலியின் கால்கள் நெருப்பில் நிற்பவை. டைசனுக்கு அடிக்க மட்டும் தெரியும், காத்திருக்கத் தெரியாது. மத்தியானம் கடந்தபோது கைகள் மரத்துப்போயின. மாற்றி மாற்றி அமுக்கினான். கதை நிற்கவில்லை.

மிஸிக்குப் பொறுக்கவில்லை. கட்டில் ஓரமாக வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சாகக் கிடக்கிற மனுசனோடையும் சண்டையே? அவர் சொன்னதுதான் சரி எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன்."

"ஏலாது, மிஸி."

"என்ன பிடிவாதம் இது?"

"நான் விட்டுக்குடுத்தா அவனுக்கு விளங்கிப்போடும்." முத்துலிங்கம் பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தான் போகப்போறன் எண்டு நினைச்சுப்போடுவான்."

இராசமலர் ஒரு கதிரையை இழுத்து அவன் பின்னால் போட்டார். அவன் உட்கார்ந்தான், பை நிற்கவில்லை.

வெயில் சரிந்து யன்னலுக்கு வந்திருந்தது. "கேள், நல்லதம்பி. எட்டாம் சுற்று. டைசன் களைச்சுப்போனான். அலி கயித்தை விட்டு வாறான். இடது, வலது. டைசன் நிலத்தில. எண்ணுறாங்கள். ஒண்டு. ரெண்டு. மூண்டு—"

படுக்கை விரிப்பின் மேல் கிடந்த வலது கை அசைந்ததை முதலில் கண்டது மிஸிதான். "பொறுங்கோ, கையைப் பாருங்கோ!"

சுட்டுவிரல் விரிப்பிலிருந்து ஒரு அங்குலம் எழும்பியது. நடுங்கியது. விழுந்தது. மறுபடி எழும்பியது, தனியாக.

"என்ன கேக்கிறார்? தண்ணியே?"

"தண்ணி இல்லை, மிஸி. முதலாம் சுற்றாம்."

முத்துலிங்கம் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "பொய்," என்று நல்லதம்பியின் காதருகே சொல்லிவிட்டு, அடுத்த மூச்சுக்குப் பையை அமுக்கினான்.