மச்சான் சொன்ன சிங்கம்

அன்று காலையில் ஒருமுறை குரைத்து ஓய்ந்த பபூன் குரங்குகள் அதன்பிறகு மரத்தை விட்டு இறங்கவே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் நான் படுக்கை விரிப்புகளைக் காயப்போடும்போது ஒரு குரங்காவது வந்து கொடியைப் பிடித்து இழுத்து, என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகும். லுவாங்வா ஆற்றங்கரையிலிருக்கும் இந்தக் காட்டு விடுதிக்குச் சலவை வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் அவற்றுக்கும் அந்தச் சண்டை உண்டு. அன்றைக்கோ எல்லாம் உச்சிக் கிளையில் உட்கார்ந்து ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. புல்வெளியில் எப்போதும் மேயும் இம்பாலா மான்களையும் காணோம். இங்கே அக்டோபர்தான் உச்சக் கோடை, வெயில் மண்டையைப் பிளந்தது.

குரங்குகள் பார்த்த பக்கம்தான் கசோண்டேயின் அடுப்பு இருந்தது. கசோண்டே எங்கள் சமையல்காரன். ஆளுயரக் கறையான் புற்று ஒன்றைக் குடைந்து, தகரக் கதவு மாட்டி, விருந்தினருக்கான ரொட்டியும் கேக்கும் அதில்தான் சுடுவான். கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் அடர்ந்த புதர்.

கசோண்டே பெம்பாக்காரன். வனக்காவலன் சோண்டிவே ங்கோனிக்காரன். இந்த இரண்டு இனத்துக்கும் இடையில் கேலி முறை உண்டு. முப்பாட்டன்மார் ஈட்டியால் குத்திக்கொண்டதைப் பேரன்மார் வாயால் குத்திக்கொள்கிறார்கள். என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அதுதான் அசிங்கம். சாவு வீட்டிலும் கேலி முறைக்காரன் வந்து பிணத்தைக் கிண்டலடித்தே ஆக வேண்டும். நான் குண்டா இனத்துக்காரி. எனக்கு அதில் பங்கில்லை, வேடிக்கை மட்டும்தான்.

இந்த இருவரும் ஓயமாட்டார்கள். "குரங்கு தின்னி" என்பான் சோண்டிவே. "எலி தின்னி" என்பான் கசோண்டே. போன மாதம் சோண்டிவே மரக்கட்டையில் சிங்கப் பாதம் செதுக்கி, அடுப்பைச் சுற்றி மண்ணில் அழகாக அச்சுக் குத்தி வைத்தான். கசோண்டே அலறிக்கொண்டு ஓடிவந்து மாவு மூட்டைமேல் விழுந்தான். மறுநாள் சோண்டிவேயின் ரொட்டிக்குள் சுட்ட எலி ஒன்று இருந்தது. விடுதியே வயிறு வலிக்கச் சிரித்தது.

அன்று மதியம் சோண்டிவே வேர்க்க விறுவிறுக்க சமையற்கட்டுக்குள் நுழைந்தான்.

"மச்சான், அடுப்புப் பக்கம் போகாத. சிங்கத் தடம் கெடக்கு. ஒரு கால இழுத்து இழுத்து நடந்திருக்கு."

"ஓ! இந்தத் தடவ நொண்டிச் சிங்கமா? பாதத்த ஒடச்சுட்டியா எலி தின்னி?"

"வெளையாடலடா. அக்கரையில ஒரு கெழட்டுச் சிங்கம் திரிஞ்சுதே, தாடையில முள்ளம்பன்றி முள்ளு தச்சது, அதுதான். ஆத்துல தண்ணி வத்திப்போச்சு, இக்கரைக்கு வந்துடுச்சு. மானத் தொரத்த அதுக்குத் தெம்பில்ல. மெதுவா நடக்குறதத்தான் தேடும்."

"அப்ப உன்னத்தான் தேடும். உன் நடைக்கு ஆமையே முந்திடும்."

எடுபிடிகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சோண்டிவேயின் முகம் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தை வைத்துக்கொண்ட விதம்கூட நன்றாக நடிக்கிறானே என்றுதான் தோன்றியது.

"உன் கையப் புடிச்சுக் கேக்குறேன் மச்சான். ஆபீஸ்ல போய் துப்பாக்கி எடுத்துட்டு ஓடியாரேன். அதுவரைக்கும் இங்கயே இரு."

"கேக்கு கருகிடும்டா. கருகினதுக்கு உன் சிங்கமா வந்து மொதலாளியம்மாகிட்ட பதில் சொல்லும்?"

சோண்டிவே ஓடினான். கசோண்டே அவன் ஓடுகிற மாதிரியே ஆடிக்காட்டிவிட்டு, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவன் விசில் புதருக்குள் போவதைக் கேட்டுக்கொண்டே நான் விரிப்பை உதறினேன். அடுப்பின் தகரக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

அப்போதுதான் குரங்குகள் கத்தத் தொடங்கின.

துப்பாக்கி வெடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சிங்கம் கசோண்டேயின் உடலை விட்டுவிட்டு நாணலுக்குள் பாய்ந்ததைப் பார்த்ததாக சோண்டிவே சொன்னான். குண்டு பட்டதா என்று அவனுக்கே தெரியவில்லை. சாயங்காலம் வரை அடுப்பிலிருந்து கருகிய வாடை வந்துகொண்டே இருந்தது, போய் எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அந்த வெயிலில் உடலை அவன் ஊரான கசாமா வரைக்கும் கொண்டுபோக வழியில்லை. அதனால் கசோண்டேயின் சொந்தக்காரர்கள் மறுநாள் லாரி பிடித்து இங்கே வந்தார்கள். ஆற்றுக்கு மேலே மேட்டில் குழி தோண்டினோம். மற்றக் காவலர்கள் துப்பாக்கிகளோடு தடம் தேடிப் போயிருந்தார்கள். வந்தவர்களோ சிங்கம் அன்றே சுடப்பட்டுவிட்டதாக நினைத்திருந்தார்கள்.

குழியருகே எல்லோரும் சோண்டிவேயைப் பார்த்தார்கள். அவன் தன் முறையைச் செய்ய வேண்டும். அவன் வந்து நின்றான். வாய் கோணியது.

"சிங்கம்னு சொன்னேனேடா மச்சான்! கேட்டியா? கேட்டியாடா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவன் மண்ணில் விழுந்து தேம்பினான். இன்னும் சிரித்தார்கள். "அழுவுறதப் பாரு, பொறியில மாட்டுன எலியாட்டம்!" என்றாள் ஒருத்தி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. அழுது வந்தவர்களைச் சிரிக்க வைத்துவிட்டானாம், நல்ல கேலி முறைக்காரனாம்.

மண் மூடியதும் கை கழுவ ஆற்றங்கரைப் பாதையில் இறங்கினார்கள். சோண்டிவே எழுந்து ஓடிப்போய்க் கைகளை விரித்து மறித்தான்.

"போகாதீங்க! அது சாகல! அந்த நாணல்லதான் கெடக்கு!"

"போதும்டா எலி தின்னி, வயிறு வலிக்குது" என்று அவனைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "லுசுங்கு அம்மா, நீ சொல்லு! நீ சொன்னா நம்புவாங்க!"

"நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "அவன் சொல்றது நெசம். சிங்கம் இன்னும் உசுரோட இருக்கு."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவன் சொன்ன அதே சேதிதான், கேலி முறையில்லாத வாயிலிருந்து வந்தது. கசோண்டேயின் தங்கை ப்வால்யா முன்வரிசையிலிருந்து மெதுவாகத் திரும்பி வந்து சோண்டிவேயின் முன்னால் நின்றாள்.

"எங்கண்ணன்கிட்டயும் இப்படித்தான் சொன்னியா?"

"சொன்னேன்."

"அவன் என்ன பண்ணுனான்?"

"சிரிச்சான்."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. கீழே நாணலோரம் ஒரு மான் ஆபத்தைக் கண்டதுபோல் விடாமல் சீட்டியடித்துக்கொண்டிருந்தது.