வீட்டுக்கு அடை உட்கார்ந்த கோழி

மரகதத்தின் கோழி அந்த ஆடியில் அடைக்கு உட்கார்ந்தது. முட்டைக்கு அல்ல, வீட்டுக்கு. நடு அறைக் கட்டிலில் ஏறி, மெத்தைப் பள்ளத்தில் வயிற்றை அமுக்கி, இறக்கைகளை விரித்துப் படுத்துக்கொண்டது. அன்று மதியமே சுவர்கள் வெதுவெதுப்பாகிவிட்டன.

கோழியின் பெயர் செவலை. மற்ற நாட்களில் அது சாது. மரகதம் தவிடு பிசையும்போது அவள் பாதத்தின்மேல் ஏறி நிற்கும். இப்போது அறை வாசலில் நிழல் விழுந்தாலே கழுத்து முடி சிலிர்த்து, உடம்பு இரண்டு பங்காக உப்பி, அடித்தொண்டையில் உறுமியது. சட்டை எடுக்கப் போன அவள் கணவர் சின்னராசு, கொத்து வாங்கிக்கொண்டு இடுப்புத் துண்டோடு திரும்பி வந்தார். தறிப்பட்டறைக்கும் துண்டோடுதான் போனார். ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் துண்டோடுதான் வந்திருந்தார்கள்.

அடையைக் கலைக்கத் தெரிந்த வழிகளையெல்லாம் மரகதம் செய்து பார்த்தாள். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கோழியைத் தூக்கி, தண்ணீர்த் தொட்டியில் வயிறு நனைய முக்கி எடுத்தாள். அது உதறிக்கொண்டு கட்டிலுக்கே போய்விட்டது. தொட்டித் தண்ணீர் சூடாகியிருந்தது. சின்னராசு அதில் குளித்துவிட்டு, பதமாக இருக்கிறது என்றார்.

அடுத்து, மூங்கில் பஞ்சாரக் கூடையைக் கோழியின்மேல் கவிழ்த்து வைத்தாள். காலையில் கூடையைத் தூக்கினால் உள்ளே சின்னராசு குந்தியிருந்தார். கோழி கட்டிலில் இருந்தது. கூடைக்குள் காற்று நன்றாக வருவதாக அவர் சொன்னார்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர் ஆறுச்சாமி வந்தார். அவர் கோழியைப் பார்க்கவே இல்லை. வெளிச்சுவரில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"உள்ள உசிரு இருக்குதுங்க," என்றார். "இப்பக் கலைச்சா வீடு கூமுட்டையாப் போயிருமுங்க."

"அப்ப நாங்க எங்க இருக்கறதுங்க?" என்று மரகதம் கேட்டாள்.

"கோழிக்கூடு சும்மாதான கெடக்குது?"

சமையல்கட்டு வரைக்கும் செவலையின் கோபம் எட்டவில்லை என்பதால் அடுப்பு, குண்டா, அரிசி மூட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் கொல்லைக்குப் போனார்கள்.

கூட்டைச் சின்னராசுதான் பழைய பலகைகளில் அடித்திருந்தார். முழங்கால் உயரம்தான் இருக்கும். குனிந்து, ஏறக்குறையப் படுத்து, உள்ளே நுழைந்தார்கள். நுழைந்ததும் நிமிர்ந்து நிற்க முடிந்தது. தரையில் புது வைக்கோல் கிடந்தது. எதிரே ஒரு நடைவழி நீண்டு போயிற்று. மரகதம் நடந்தால் அது இன்னும் நீண்டது. அவள் நின்றால் அதுவும் நின்று காத்திருந்தது. இவ்வளவு பெரிதாகவா அடித்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, பலகை மிச்சமிருந்தது என்றார் அவர்.

நடையில் ஆட்கள் இருந்தார்கள். தெருவில் எல்லார் வீட்டுக் கோழியும் அடை உட்கார்ந்துவிட்டதாம். எல்லார் கூடும் உள்ளே ஒன்றுதான். இத்தனை காலம் யாரும் நுழைந்து பார்த்ததில்லை.

அதைக் கேட்டதும் மரகதம் நடையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பக்கத்து வீடு அவள் அக்கா பூவாத்தாளுடையது. அக்கா மகன் கல்யாணப் பத்திரிகையில் மரகதத்தின் பெயர் விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு. அந்த மகனுக்குப் பிள்ளை பிறந்து, பிள்ளை பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டது. நடுமதிலில் மரகதம் கண்ணாடிச் சில்லு பதித்தாள். அக்கா தன் பக்கத்தில் அதைவிடப் பெரிய சில்லாகப் பதித்தாள். கூட்டுக்குள் மதில் இல்லை.

அவள் எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்தாள். நடை நீண்டது, வளைந்தது, அவளை நேராகக் கொண்டுபோய் அக்காவின் முன்னால் விட்டது.

பூவாத்தாள் குறுக்குக் கம்பு ஒன்றின்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். புறங்கையில் துணி சுற்றியிருந்தது. கம்பில் இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இடம். மரகதத்துக்குக் கால் வலித்தது. ஏறி உட்கார்ந்தாள். கம்பு இருவரையும் ஒரே மாதிரி ஆட்டியது.

உன் கோழி எங்கே உட்கார்ந்தது என்று அக்கா கேட்டாள். கட்டிலில் என்றாள் மரகதம். தன்னுடையது பீரோ மேல் என்றும், கிட்டப் போனால் மூஞ்சியைப் பார்த்துப் பாய்கிறது என்றும் அக்கா சொன்னாள். கொத்திய இடத்தை அவிழ்த்துக் காட்டினாள். மரகதமும் தன் முழங்கையைக் காட்டினாள். கன்றிப்போனதில் அக்காவுடையதுதான் பெரியது. இதைக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மரகதம் கேட்டுவிட்டாள்.

"பத்திரிகைல எம்பேரு இல்லியேக்கா."

"எம்பேரும்தான் இல்ல. நீ பாக்கலியா?"

மரகதம் பார்க்கவில்லை. தன் பெயரைத் தேடினாள், இல்லை என்றதும் மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள். மாப்பிள்ளையைப் பெற்றவளின் பெயரே இல்லாத பத்திரிகை அது என்பது இப்போதுதான் தெரிந்தது. நீயாவது வந்து சண்டை போடுவாய், சேர்ந்து அச்சாபீசுக்குப் போகலாம் என்று எதிர்பார்த்துக் காத்திருந்ததாக அக்கா சொன்னாள். மாப்பிள்ளை பெயர் இருந்ததா என்று மரகதம் விசாரித்தாள். அதுவும் இல்லையாம்.

"அப்பறம் அது யாரு கல்யாணம்?"

"தெரியல புள்ள. சாப்பாடு நல்லா இருந்துச்சு."

மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது, பிறகு தோளெல்லாம் குலுங்கியது. அக்காவும் சிரித்தாள். சிரித்ததில் கம்பிலிருந்து சரியப் போனவளை மரகதம் எட்டிப் பிடித்தாள். பிடித்த கையை அப்புறம் இருவருமே எடுக்கவில்லை. நடை இரண்டு பக்கமும் கடகடவென்று நீண்டுகொண்டே போனது.

அதன்பின் உலை ஒன்றாகவே கொதித்தது. வெயில் ஏறியதும் எல்லாரும் கோழிகள் மண் குளிக்கும் சாம்பல் குழியில் புரண்டு மேலெல்லாம் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள். உடம்பு லேசாக இருந்தது. விடியற்காலையில் யாரோ கணீரென்று கூவி எழுப்பினார்கள். அது சின்னராசு என்பது பின்னால்தான் தெரியவந்தது. பட்டறையில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். கூவி முடித்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு துண்டைச் சரிசெய்தார். மரகதம் அவருக்கு முதல் கரண்டி சோறு வைத்தாள்.

ஒரு நாள் காலை வீட்டிலிருந்து விரிசல் விடும் சத்தம் கேட்டது. எல்லாரும் கூட்டின் கம்பிவலையோரம் போய் நின்றார்கள். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து நிறையச் சத்தம்.

செவலை வாசற்படியிலிருந்து இறங்கி வந்தது. கழுத்து முடி படிந்திருந்தது. அதன் பின்னால் குட்டி வீடுகள் ஓடி வந்தன. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஓடு இன்னும் ஈரமாக இருந்தது. மெலிந்த மஞ்சள் கால்களில் தடுமாறி, ஒன்றையொன்று இடித்து, வாசல் கதவுகள் திறந்து மூடித் திறந்து மூடி, கொல்லை முழுவதும் பரவின. பூவாத்தாளின் கோழியும் தன் வீடுகளோடு வந்தது. அதன் குஞ்சுகளில் ஒன்றுக்கு மாடி இருந்தது.

செவலை கூட்டு வாசலில் நின்று, வீடு காலி என்கிற மாதிரி கொக்கரித்தது. பெரிய வீடு அதே இடத்தில்தான் இருந்தது. சன்னல்கள் பளபளவென்று இருந்தன. சின்னராசுவின் சட்டை கொடியில் தொங்குவதுகூடத் தெரிந்தது.

வழி தவறிய குட்டி வீடு ஒன்று கூட்டுக்குள் வந்து மரகதத்தின் சேலைத் தலைப்புக்கு அடியில் ஒண்டிக்கொண்டது. அவள் நாலு நொய்யை அதன் படியில் வைத்தாள். கதவு திறந்து எடுத்துக்கொண்டது.

"போலாமா?" என்று அக்கா கேட்டாள்.

மரகதம் குண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"சோறு வேகட்டும்க்கா," என்று சொல்லி, இன்னொரு படி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.